4318-ஐ யார் அழித்தார்கள்?

மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. “உறுப்பினர் பட்டியலில் 4317-க்கு அடுத்து 4319 வருகிறது. 4318-ஐ யார் அழித்தார்கள்?” எழுதியவர் ஒரு நூலகத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்ய வந்தவர். அந்த நூலகத்துக்கு உறுப்பினர் பதிவு மென்பொருளை எழுதிக் கொடுத்தவன் நான். கணக்குப் புத்தகத்தில் பக்க எண் ஒன்று விடுபட்டிருந்தால் பக்கத்தைக் கிழித்திருக்கிறார்கள் என்றுதான் தணிக்கையாளர் எடுத்துக்கொள்வார். அது அவர் தொழிலின் முதல் பாடம். அதனால் அந்தச் சந்தேகம் எனக்குக் கோபம் தரவில்லை. உறுப்பினரை நீக்கிவிட்டு மறைக்கிறார்கள் என்ற பழி முன்மேசை ஊழியர்கள் தலையில் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

சர்வரின் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். 4317 பதிவான நேரம் காலை 11:02. 4319 பதிவான நேரம் 11:06. இரண்டுக்கும் நடுவே 11:04-க்கு ஒரு பிழைச் செய்தி: இந்த மின்னஞ்சல் முகவரி ஏற்கெனவே இருக்கிறது. முன்பே உறுப்பினராக இருந்த யாரோ அதை மறந்து மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறார். தரவுத்தளம் புதிய பதிவுக்கு 4318 என்று எண் போட்டிருக்கிறது. அதன் பிறகுதான், ஒரே முகவரியில் இருவர் கூடாது என்ற விதியைப் பார்த்துப் பதிவை ஏற்க மறுத்திருக்கிறது. பதிவு போய்விட்டது, எடுத்த எண் திரும்பி வரவில்லை. யாரும் எதையும் அழிக்கவில்லை. 4318 என்று ஓர் உறுப்பினர் ஒருபோதும் இருந்ததே இல்லை.

தானாக ஏறும் எண்ணை முதன்மைச் சாவியாக, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் புலமாக, வைத்த அட்டவணைகளில் பெரும்பாலான தரவுத்தளங்களில் இது நடக்கும். ஏன் எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்று தணிக்கையாளர் கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பரிவர்த்தனை (முழுதாக நிறைவேறவோ முழுதாக ரத்தாகவோ வேண்டிய வேலைத் தொகுப்பு) 4318-ஐ எடுத்துவிட்டது, இன்னும் முடியவில்லை. அதற்குள் இரண்டாவது வந்து நிற்கிறது. அதற்கு 4319-ஐக் கொடுத்தால், முதலாவது ரத்தாகும்போது நடுவில் ஒரு துளை விழும். துளையே கூடாது என்றால், முதலாவது முடியும்வரை இரண்டாவதைக் காக்கவைக்க வேண்டும். அப்புறம் மூன்றாவது, நான்காவது என்று எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக நிற்க வேண்டியதுதான். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுதும் அட்டவணையில் அது கட்டுப்படியாகாது. ஆகவே தரவுத்தளத்தை வடிவமைத்தவர்கள் எண்ணைக் கொடுக்கும் எண்ணியைப் பரிவர்த்தனைக்கு வெளியே வைத்தார்கள். ரோல்பேக் செய்தால், அதாவது பரிவர்த்தனையை ரத்துசெய்தால், பதிவுகளும் மாற்றங்களும் பழைய நிலைக்குத் திரும்பும். எண்ணி மட்டும் பின்னால் போகாது. நான் பார்த்தவரையில் இந்தத் துறையில் எடுக்கப்பட்ட மிக நேர்த்தியான முடிவுகளில் இதுவும் ஒன்று.

சொன்னால் போதாது என்று அவரை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். சோதனைத் தரவுத்தளத்தில் இரண்டு சாளரங்களைத் திறந்தோம். முதல் சாளரத்தில் பரிவர்த்தனையைத் தொடங்கி ஒரு பெயரைச் சேர்த்தேன். எண் 7 வந்தது. இரண்டாம் சாளரத்தில் அவரே தட்டச்சு செய்து இன்னொரு பெயரைச் சேர்த்தார், 8 வந்தது. முதல் சாளரத்தில் ரோல்பேக் கொடுத்தேன். பட்டியலை எடுத்துப் பார்த்தோம்: 6, 8. அவர் மீண்டும் ஒரு பெயர் சேர்த்தார், 9. சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியென்றால் இந்த எண்ணை வைத்து நான் எதையும் தணிக்கை செய்யக் கூடாது” என்றார். சரியாகப் பிடித்துக்கொண்டார். பல ஆண்டுகள் நிரல் எழுதியவர்களுக்கே பிடிபடாத விஷயம் அது.

துளை விழ வேறு வழிகளும் உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம், மாற்றங்களை எழுதிவைக்கும் தன் எழுதுபதிவில் 32 எண்களை முன்கூட்டியே குறித்துவைக்கிறது; சர்வர் திடீரென்று விழுந்து எழுந்தால் அவ்வளவு எண்கள் வரை தாண்டிப் போகலாம். எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தின் 2012 பதிப்பு வந்த பிறகு, எதிர்பாராமல் நின்று மீண்டும் ஓடத் தொடங்கிய சர்வரில் எண் திடீரென 1000 தாண்டிக் குதித்ததைப் பார்த்துப் பலர் பதறினார்கள். ஆரக்கிள் தரவுத்தளத்தில் எண்ணியாக இருக்கும் சீக்வென்ஸ், வேறு எதுவும் சொல்லாவிட்டால் 20 எண்களை நினைவகத்தில் கையிருப்பாக வைத்துக்கொள்ளும். எல்லாம் வேகத்துக்காகச் செய்யப்படுபவை. எதுவும் பழுது அல்ல.

ஆனால் ரசீது எண் போன்றவை துளையில்லாமல்தான் இருக்க வேண்டும். அதற்கு முதன்மைச் சாவியைப் பயன்படுத்தக் கூடாது. ரசீது எண்ணுக்கென்று தனிப் புலம் வைக்க வேண்டும். ‘கடைசி ரசீது எண்’ என்ற ஒற்றைப் பதிவு கொண்ட சிறு அட்டவணை ஒன்றை உருவாக்கி, பரிவர்த்தனைக்கு உள்ளேயே அதில் ஒன்றைக் கூட்டி, கூட்டி வந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டும் நேரத்தில் அந்தப் பதிவு பூட்டப்படும், அடுத்தவர் காத்திருப்பார். பரிவர்த்தனை ரத்தானால் கூட்டலும் ரத்தாகும், துளை விழாது. வேகத்தைக் கொடுத்து வரிசையை வாங்குகிறோம். இந்தக் கூட்டலைப் பரிவர்த்தனையின் கடைசிப் படியாக வையுங்கள். பூட்டு சில மில்லிநொடிகளே நீடிக்கும். நூலகத்துக்கும் அப்படித்தான் செய்தோம். தணிக்கையாளர் இப்போது ரசீது எண்ணைப் பார்க்கிறார்.

அடிப்படைக்கு வருகிறேன். தானாக ஏறும் சாவி உள்ள அட்டவணையில் பதிவைச் சேர்க்கும்போது செய்ய வேண்டியது மிகக் குறைவு: சாவிப் புலத்தைப் பற்றிப் பேசாமலே இருப்பது. எந்தெந்தப் புலங்களுக்கு மதிப்புக் கொடுக்கிறோமோ அவற்றின் பெயரை மட்டும் இன்சர்ட் கட்டளையில் எழுத வேண்டும். பெயர், முகவரி, மின்னஞ்சல், அவ்வளவுதான். சாவியைத் தரவுத்தளம் போட்டுக்கொள்ளும். புலப் பெயர்களை எழுதாமல் மதிப்புகளை மட்டும் அடுக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படி எழுதினால் சாவிக்கும் ஏதாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் வருகிறது. நாளைக்கு யாராவது நடுவில் ஒரு புலத்தைச் சேர்த்தால் மொத்தக் கட்டளையும் இடம் மாறிப் போகும்.

சாவிக்கு ஏதாவது கொடுத்தால் என்ன ஆகும் என்பதில் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஒவ்வொரு குணம். மைஎஸ்க்யூஎல்லில் நல் மதிப்பையோ (NULL, ‘மதிப்பு எதுவும் இல்லை’ என்று பொருள்) பூஜ்யத்தையோ கொடுத்தால், ‘புது எண் போடு’ என்று அது புரிந்துகொள்ளும். பூஜ்யத்தை இப்படி எடுத்துக்கொள்வது வினையாகவும் முடியும்: பழைய அட்டவணையில் பூஜ்யம் என்ற சாவியுடன் ஒரு பதிவு இருந்து, அதை இன்னோர் இடத்துக்கு நகலெடுத்தால் அது வேறு எண்ணுடன் போய் உட்காரும். இதைத் தடுக்கத்தான் மைஎஸ்க்யூஎல்லின் நகல் கருவி, தான் எழுதும் கோப்பின் தலைப்பிலேயே பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே விடும் அமைப்பைச் சேர்த்து எழுதுகிறது. எஸ்க்யூலைட்டும் நல் மதிப்பை ஏற்றுப் புது எண் தரும். போஸ்ட்கிரெஸ் நல் மதிப்பை ஏற்காது. டிஃபால்ட் என்று எழுத வேண்டும், அல்லது புலத்தையே விட்டுவிட வேண்டும். எஸ்க்யூஎல் சர்வர் தனி அனுமதி கொடுக்காதவரை நம் கை எண்ணைத் தொடவே விடாது. எல்லா இடத்திலும் ஒரேமாதிரி வேலை செய்வது புலத்தை விட்டுவிடும் வழி மட்டும்தான்.

இதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் எங்கள் குழு பராமரித்த ஒரு பழைய மென்பொருள், எண்ணைத் தானே கணக்கிட்டது. அட்டவணையில் உள்ள மிகப் பெரிய எண்ணைக் கேட்கும். அதோடு ஒன்றைக் கூட்டும். அந்த எண்ணுடன் பதிவைச் சேர்க்கும். தனியாக உட்கார்ந்து சோதித்தால் ஆயிரம் முறையும் சரியாக வரும். அதுவும் நூல் இரவல் கொடுக்கும் மென்பொருள்தான், வேறொரு நூலகம். ஒரு நாள் இரண்டு மேசைகளில் இரண்டு பேர் ஒரே நொடியில் உறுப்பினராகச் சேர்ந்தார்கள். முதல் மேசை கேட்டது: பெரிய எண் எது? 812. இரண்டாம் மேசை கேட்டது: பெரிய எண் எது? அதற்கும் 812, ஏனென்றால் முதல் மேசை இன்னும் எழுதவில்லை. இருவரும் ஒன்றைக் கூட்டினார்கள். இருவரும் 813 என்று எழுதினார்கள்.

முதன்மைச் சாவி என்ற கட்டுப்பாடு இருந்திருந்தால் இரண்டாவது பதிவு பிழையுடன் நின்றிருக்கும். அந்த அட்டவணையில் அந்தக் கட்டுப்பாடே இல்லை. வெறும் எண் புலம். இருவரும் உள்ளே போய்விட்டார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு மூதாட்டி எடுக்காத புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவருக்குக் கடிதம் போனது. அவர் நேரில் வந்து, தான் அந்தப் புத்தகத்தின் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்று சொன்னார். யாரும் நம்பவில்லை, கணினியில் அவர் எண் இருக்கிறதே! எனக்கு இன்றும் அந்த அம்மாவின் முகம் நினைவில் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து, ஒரே எண்ணில் இரண்டு பேர் இருப்பதைக் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து, பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டும் வரியை யாருடைய நிரலில் பார்த்தாலும் அதை மாற்றாமல் நான் நகர்வதில்லை.

சேர்த்த பிறகு, கிடைத்த எண்ணைத் தெரிந்துகொள்வது அடுத்த படி. உறுப்பினரைச் சேர்த்த கையோடு அவர் பெயரில் முதல் இரவலையும் பதிய வேண்டும் என்றால், இரவல் அட்டவணையின் அயல் சாவிக்கு, அதாவது உறுப்பினர் அட்டவணையைச் சுட்டும் புலத்துக்கு, உறுப்பினரின் எண் தேவை. இங்கேயும் பெரிய எண்ணைக் கேட்கும் ஆசை வரும். கேட்கவே கூடாது. நமக்குப் பின் வேறொருவர் சேர்ந்திருந்தால் அவருடைய எண்தான் வரும், அவர் தலையில் நம் இரவல் ஏறும்.

மைஎஸ்க்யூஎல்லில் இதற்கு லாஸ்ட் இன்சர்ட் ஐடி என்ற செயற்கூறு இருக்கிறது. அது இணைப்புக்கு இணைப்பு தனி. பக்கத்து இணைப்பில் ஆயிரம் பேர் சேர்ந்தாலும் என் இணைப்பில் நான் கடைசியாகப் பெற்ற எண்ணையே சொல்லும். ஆனால் இணைப்புத் தொகுப்பு (திறந்துவைத்த பல இணைப்புகளை மாற்றி மாற்றித் தருவது) பயன்படுத்தும் நிரலில், சேர்த்தது ஓர் இணைப்பிலும் கேட்டது இன்னோர் இணைப்பிலும் ஆகிவிட்டால் இந்த உத்தரவாதம் காற்றில் போய்விடும். இரண்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்தால் இந்தக் கவலை இல்லை. இன்னொன்று: ஒரே கட்டளையில் பத்துப் பதிவுகளைச் சேர்த்தால், அது திருப்பித் தருவது முதல் பதிவின் எண்ணை. பெயரில் ‘லாஸ்ட்’ இருப்பதால் பத்தாவது எண் என்று எடுத்துக்கொண்டு தவறு செய்தவர்களை எனக்குத் தெரியும்.

எஸ்க்யூஎல் சர்வரில் வேறொரு பள்ளம். அங்கே கடைசி எண்ணைச் சொல்லும் பழைய மாறி ஒன்று உண்டு. அது டிரிகர் (ஒரு பதிவு சேரும்போது தானாக ஓடும் நிரல்) சேர்த்த பதிவின் எண்ணையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். உறுப்பினர் அட்டவணையில் யாராவது ஒரு தணிக்கை டிரிகரை வைத்துவிட்டால், உறுப்பினரின் எண்ணுக்குப் பதிலாகத் தணிக்கைப் பதிவின் எண் வந்து நிற்கும். நேற்றுவரை ஓடிய நிரல், அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமலே இன்று தவறாகிவிடும். ஸ்கோப் ஐடென்டிட்டி என்ற செயற்கூறு இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ரிட்டர்னிங். இன்சர்ட் கட்டளையின் வாலில் இதை எழுதிப் புலப்பெயரைக் கொடுத்தால், சேர்த்த பதிவின் எண் அந்தக் கட்டளையின் விடையாகவே வந்துவிடும். தனியாகக் கேட்க வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸில் 2006-இல் வெளியான 8.2 பதிப்பு முதல் இருக்கிறது. எஸ்க்யூலைட்டில் 2021-இல் 3.35 பதிப்புடன் வந்தது.

பழைய தரவை இடம் மாற்றும்போது வரும் சிக்கலை ஒருமுறையாவது சந்திக்காதவர் இருக்க மாட்டார். போஸ்ட்கிரெஸில் ஓர் அட்டவணை அமைத்து, மாதிரித் தரவாக 12 பதிவுகளை 1 முதல் 12 வரை எண்களோடு சேர்த்திருந்தோம். குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன் படிவத்தை நிரப்பிச் சேமித்தான். இரட்டைச் சாவி என்று பிழை. மறுபடியும் அழுத்தினான், அதே பிழை. விடாமல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான். பதின்மூன்றாவது தடவை சேமித்துவிட்டது! “அண்ணா, தானாகச் சரியாகிவிட்டது” என்று வந்து நின்றான்.

தானாகச் சரியாகவில்லை. நாங்கள் எண்களைக் கையால் கொடுத்தபோது சீக்வென்ஸ் அதைப் பார்க்கவே இல்லை. அது 1-இலேயே நின்றது. முதல் முறை அழுத்தியபோது 1-ஐக் கொடுத்தது. 1 ஏற்கெனவே இருக்கிறது, பிழை. ஆனால் எண்ணி பின்னால் போகாது அல்லவா? அடுத்த முறை 2. அதற்கடுத்து 3. பன்னிரண்டு முறை முட்டி மோதிப் பதின்மூன்றாவது முறை காலி இடத்தை அடைந்தது. நகலெடுத்தது 12 பதிவுகள் என்பதால் பொறுமை வென்றது. 5000 பதிவுகளாக இருந்திருந்தால்? தரவை ஏற்றி முடித்ததும் செட்வேல் என்ற செயற்கூற்றால் சீக்வென்ஸை அட்டவணையின் பெரிய எண்ணுக்கு நகர்த்துவதை தரவேற்றப் பட்டியலின் கடைசி வேலையாக நான் எழுதிவைத்திருக்கிறேன். பெரிய எண்ணைக் கேட்பது சரியாக இருக்கும் அபூர்வமான இடம் இது, யாரும் எழுதிக்கொண்டிருக்காத நேரமாக இருந்தால்.

2017-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10 பதிப்பில் ஐடென்டிட்டி புலங்கள் வந்தன. ‘எப்போதும் தானாக’ என்ற வகையில் அமைத்தால், யாராவது கையால் எண் கொடுக்கும்போது தரவுத்தளமே மறுத்துவிடும். வேண்டுமென்றே மீறினால்தான் நுழையும். புதிதாக அட்டவணை அமைப்பவர்கள் தானாக எண் தரும் பழைய சீரியல் வகையை விட்டு இதற்கு வந்துவிடுவது நல்லது. மைஎஸ்க்யூஎல் இந்த விஷயத்தில் நேர் எதிர்: கையால் பெரிய எண்ணைக் கொடுத்தால் எண்ணியும் அதற்கு மேல் தாவிக்கொள்ளும். வசதிதான். ஆனால் தவறுதலாக 200 கோடி என்று ஒரு பதிவு நுழைந்தால், அடுத்த உறுப்பினரின் எண் 200 கோடியே ஒன்று.

மைஎஸ்க்யூஎல்லின் இன்னொரு பழைய குணத்தையும் சொல்ல வேண்டும். இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லில் பதிவுகளைச் சேமிக்கும் பகுதி) அட்டவணையின் எண்ணி நீண்டகாலம் நினைவகத்தில் மட்டுமே இருந்தது. சர்வரை நிறுத்தி ஓட்டினால், அட்டவணையில் அப்போது உள்ள பெரிய எண்ணைப் பார்த்து அதற்கு அடுத்ததிலிருந்து தொடங்கும். கடைசிப் பத்துப் பதிவுகளை, பழையவற்றை வைக்கும் ஆவண அட்டவணைக்கு நகர்த்தி இங்கே அழித்திருந்தால், மறுதொடக்கத்துக்குப் பின் அதே பத்து எண்கள் வேறு பத்துப் பேருக்குப் போகும். 2003-இல் 199 என்ற எண்ணில் பதிவான இந்த வழு, 2018-இல் வெளியான 8.0 பதிப்பில்தான் தீர்ந்தது. இன்னும் பழைய பதிப்பை ஓட்டுபவர்கள் ஆவண அட்டவணையை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

எண் தீர்ந்துபோகும் என்பதைப் பலர் நம்புவதில்லை. குறியுடைய, அதாவது எதிர்ம எண்களையும் ஏற்கும், 32 பிட் முழுஎண்ணின் உச்சம் 2147483647. ஏறத்தாழ 214 கோடியே 75 லட்சம். நொடிக்கு 100 பதிவுகள் சேரும் அட்டவணைக்கு அது 248 நாள். 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மை இணையச் சேவை இப்படித்தான் பல மணி நேரம் எழுத முடியாமல், படிக்க மட்டுமே முடிந்த நிலையில் நின்றது. அவர்களுடைய நிகழ்வு அட்டவணையின் சாவி இந்த எண்ணைத் தொட்டுவிட்டது. அதைவிட எனக்கு வியப்பளித்தது நானே பார்த்த ஓர் அட்டவணை. அதில் இருந்தவை 40,000 பதிவுகள் மட்டுமே. எண்ணியோ 200 கோடியைத் தாண்டியிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 40,000 பதிவுகளையும் ‘இல்லையென்றால் சேர், இருந்தால் திருத்து’ என்ற கட்டளையால் ஒத்திசைத்துக்கொண்டிருந்தார்கள். திருத்தலில் முடிந்த பதிவுகூடத் தொடக்கத்தில் ஓர் எண்ணை எடுத்துச் செலவழித்துவிடும். நாளொன்றுக்கு 57 லட்சத்து 60 ஆயிரம் எண்கள். ஓராண்டுக்குச் சற்று மேல் தாங்கும், அவ்வளவுதான்.

புதிய அட்டவணைக்குத் தொடக்கத்திலேயே 64 பிட் பிக்இன்ட் வைத்துவிடுங்கள். நொடிக்குப் பத்து லட்சம் எண்களைச் செலவழித்தாலும் 2,90,000 ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணையை மாற்றுவது என்றால், முதன்மைச் சாவியை மட்டும் மாற்றிவிட்டு அதைச் சுட்டும் அயல் சாவிகளை மறந்துவிடாதீர்கள். அங்கேதான் அடுத்த அடி விழும்.

எண்ணை வெளியே காட்டுவது பற்றிச் சுருக்கமாக. இரண்டாம் உலகப் போரில் கைப்பற்றிய ஜெர்மானிய டாங்கிகளின் தொடர் எண்களை வைத்து, மாதம் எத்தனை டாங்கிகள் செய்கிறார்கள் என்று நேச நாடுகளின் புள்ளியியலாளர்கள் கணித்தார்கள். 1942 ஆகஸ்டுக்கு அவர்கள் கணிப்பு 327. உளவுத் துறை சொன்னது 1550. போருக்குப் பின் கிடைத்த ஜெர்மானிய ஆவணங்களில் இருந்தது 342. இணைய முகவரியில் உறுப்பினர் எண்ணை அப்படியே காட்டும் தளமும் இதே தகவலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வெளியே காட்ட யூயூஐடி போன்ற சீரற்ற அடையாளத்தைத் தனிப் புலத்தில் வைக்கலாம். அதையே முதன்மைச் சாவியாக்கினால் பழைய வகைகளில் பதிவுகள் குறியீட்டு மரத்தில் (தேடுவதற்காகச் சாவிகளை வரிசைப்படுத்தி வைக்கும் அமைப்பில்) கண்ட இடத்தில் நுழைந்து, எழுதுவது மந்தமாகும். தானாக ஏறும் எண் எப்போதும் மரத்தின் வலது ஓரத்தில் போய்ச் சேருவதால் அந்தத் தொல்லை இல்லை. 2024-இல் தரப்படுத்தப்பட்ட ஏழாம் வகை யூயூஐடி நேரத்தை முன்னால் வைப்பதால் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

கடைசியாக, என்னை மிக நீண்ட நாள் ஏமாற்றிய விஷயத்துக்கு வருகிறேன். சிறிய எண் முன்னால் வந்தது, பெரிய எண் பின்னால் வந்தது என்று எல்லாரும் நம்புகிறோம். எண்ணை எடுத்த நேரத்தைப் பொறுத்து அது பெரும்பாலும் உண்மை. ஆனால் எடுத்த வரிசையிலேயே பதிவுகள் மற்றவர்களின் கண்ணுக்குத் தெரிய வரும் என்று எந்தத் தரவுத்தளமும் சொல்லவில்லை.

முதலில் சொன்ன நூலகத்தில், புதிய உறுப்பினர்களுக்கு அட்டை எண்ணுடன் வரவேற்புக் கடிதம் மின்னஞ்சலில் போகும். அனுப்பும் நிரலை நான்தான் எழுதினேன். நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, கடைசியாகப் பார்த்த எண்ணைவிடப் பெரிய எண் உள்ளவர்களை எடுக்கும்; கடிதம் அனுப்பும்; பார்த்தவற்றில் பெரிய எண்ணைக் குறித்துக்கொண்டு தூங்கும். இரண்டு ஆண்டுகள் ஓடியது. ஒரு பிழைச் செய்திகூட வந்ததில்லை. ஒரு நாள் ஒருவர் முன்மேசைக்கு வந்து, “நாங்கள் ஏழு பேர் ஒன்றாகச் சேர்ந்தோம். ஒருவருக்கும் அட்டை எண் வரவில்லை” என்றார்.

ஏழு பேரின் எண்களைப் பார்த்தேன்: 9101 முதல் 9107 வரை. 9100-க்குக் கடிதம் போயிருக்கிறது. 9108-க்கும் போயிருக்கிறது. நடுவில் ஏழு பேருக்கு மட்டும் இல்லை. குழுவாகச் சேரும் படிவம், ஏழு பேரையும் அவர்களுடைய படங்களையும் ஒரே பரிவர்த்தனையில் சேமிக்கும். படங்கள் பெரியவையாக இருந்ததால் அன்றைக்கு அது நாற்பது நொடிக்கு மேல் எடுத்திருக்கிறது. தொடக்கத்திலேயே ஏழு எண்களை எடுத்துவிட்டது, கமிட் ஆகவில்லை, அதாவது உறுதியாகி மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிய வரவில்லை. அந்த இடைவெளியில் வேறு மேசையில் ஒருவர் தனியாகச் சேர்ந்தார், 9108 எடுத்தார், உடனே கமிட் ஆனது. அந்த நேரம் பார்த்து என் நிரல் எழுந்தது. 9100-ஐவிடப் பெரியவர் யார்? அதன் கண்ணுக்குத் தெரிந்தது 9108 மட்டும். கடிதம் அனுப்பி, 9108 என்று குறித்துக்கொண்டு தூங்கிவிட்டது. பத்து நொடி கழித்து ஏழு பேரின் பரிவர்த்தனை கமிட் ஆனது. அடுத்த நிமிடம் நிரல் கேட்டது 9108-ஐவிடப் பெரியவர்களை. அந்த ஏழு பேரை அது இனி எந்தக் காலத்திலும் கேட்கப்போவதில்லை.

எண்ணுக்குப் பதிலாகப் பதிவு நேரத்தை வைத்தால் சரியாகிவிடும் என்று முதலில் நினைத்தேன். ஆகாது. போஸ்ட்கிரெஸில் பதிவில் விழும் தற்போதைய நேரம், பரிவர்த்தனை தொடங்கிய நேரம். கமிட் ஆன நேரம் அல்ல. அதே ஓட்டை, வேறு உருவம். ஐந்து நிமிடம் பின்தள்ளிப் படிக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். ஆறு நிமிடம் எடுக்கும் பரிவர்த்தனை என்றாவது வரும்.

ஒப்பீட்டையே கைவிட்டேன். ‘அனுப்ப வேண்டியவை’ என்று தனி அட்டவணை ஒன்றை வைத்தேன். உறுப்பினரைச் சேர்க்கும் அதே பரிவர்த்தனையில் இதிலும் ஒரு பதிவு சேரும். இரண்டும் சேர்ந்தே தெரிய வரும் அல்லது சேர்ந்தே ரத்தாகும். அனுப்பும் நிரல் அதில் இருப்பதை எடுத்துக் கடிதம் அனுப்பி, அந்தப் பதிவை நீக்கும். எண் பெரியதா சிறியதா என்று பார்ப்பதே இல்லை. தாமதமாகத் தெரிய வந்த பதிவு தாமதமாக எடுக்கப்படும், விடுபடாது.

பிறகு, உறுப்பினர் பட்டியலையும் கடிதக் குறிப்பேட்டையும் ஒப்பிட்டு, உறுப்பினராகியும் கடிதம் போகாதவர்களைத் தேடினேன். அந்த ஏழு பேரோடு இன்னும் 19 பேர் கிடைத்தார்கள். மிகப் பழையவர் ஒன்றே முக்கால் ஆண்டுக்கு முன் சேர்ந்தவர். கடிதத்தில் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி சேர்த்து, 26 பேருக்கும் அன்று மாலைக்குள் அனுப்பினோம். முதல் பதில் 9103-ஆம் எண் உறுப்பினரிடமிருந்து வந்தது. அட்டை எண் கிடைத்துவிட்டதாகவும், மறுநாள் நூலகத்துக்கு வருவதாகவும் எழுதியிருந்தார்.